பத்து வாரக் குளிர்காலம்

டுலூத்,
செப்டம்பர் 19, 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நீங்க சமைச்சுப் போடற இருபத்திரண்டு பசிக்காரங்களும் எப்படி இருக்கீங்க? டெட்ராய்ட்ல தபால் படகு வந்து ஒட்டும்போது உங்க கப்பல்லேர்ந்து கயிறு கட்டி வாளி இறக்குவாங்களே, அந்த வாளிக்குள்ள இது பத்திரமா விழணும். போன தடவை கடிதம் நனைஞ்சு வந்துதுன்னு அவ்வளவு புலம்பினீங்க. அதனால இதை ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் பையில சுத்தி அனுப்பறேன்.

விஷயத்துக்கு வரேன். தலை வெடிச்சிடும் போலிருக்கு. ரெண்டும் ஒரே வாரத்துல வந்து விழுந்திருக்கு அப்பா. சிலி நாட்டுல போய்ப் படிக்க விண்ணப்பம் போட்டேனே, இடம் கிடைச்சிடுச்சு. வால்பரைசோங்கற துறைமுக ஊர். ஜனவரி 28 கிளம்பினா ஜூன் கடைசியிலதான் திரும்பறது. பாடமெல்லாம் ஸ்பானிஷ்லயே. வாரத்துல ரெண்டு நாள் மலைமேல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில உதவி வேலை. அதே ஜனவரியிலேர்ந்துதான் பேராசிரியர் மாலர் தன்னோட லேப்ல என்னைச் சேத்துக்கறேங்கறாங்க. ஆகஸ்ட் வரைக்கும் விடாம வேலை செஞ்சா ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரும் வரலாமாம். அடுத்த ஜூன்ல மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பம் போடணும். அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணுதான் முடியும்.

எங்க ஆலோசகர் பிக்ஸ்பிகிட்ட போனேன். "ஆராய்ச்சி இல்லாத விண்ணப்பம் உப்பில்லாத சூப் மாதிரி"ன்னார். அரை மணி கழிச்சு, "ஆராய்ச்சிதான் எல்லாரும் பண்றாங்களே, சிலின்னா ஒரு வித்தியாசம்"னார். கடைசியில கையைக் கட்டிக்கிட்டு, "உன் மனசு என்ன சொல்லுது?"ன்னு கேட்டார். மனசு ஏதாவது சொல்லியிருந்தா இவரைத் தேடி ஏன் போறேன்? கூடப் படிக்கற ட்ரெவர் வேற, "சிலிக்கா? சுத்திப் பாத்துட்டு வந்து டாக்டர் ஆகலாம்னு நெனப்பா?"ங்கறான். அவனுக்கு இது மூணாவது லேப்.

இன்னொண்ணும் இருக்கு. ஏரி உறைஞ்சு கப்பலெல்லாம் கட்டிப் போட்டதும் நீங்க வீட்டுக்கு வந்து, மார்ச் கடைசி வரைக்கும் இருப்பீங்களே, அந்தப் பத்து வாரம். வருஷத்துல நமக்குன்னு இருக்கறது அது மட்டும்தான். அம்மா நம்மை விட்டுட்டு ஃபீனிக்ஸ் போனதுலேர்ந்து ஒரு குளிர்காலத்தையும் நான் விட்டதில்ல. அதுவும் இந்த வருஷம் உங்க கப்பல் சுண்ணாம்புக்கல் ஏத்தறேன்னு கிளீவ்லாண்டுக்கும் ஹூரானுக்கும் அலையுதே தவிர, டுலூத் பக்கம் தலைவெச்சே படுக்கல. ஏப்ரல்லேர்ந்து உங்க மூஞ்சியைப் பாக்கல நான். லேப்னா உள்ளூர்லயே இருப்பேன். சிலின்னா?

சீக்கிரம் எழுதுங்க. 

உங்கள் அன்பு மகள்,
ஐலா

பி.கு. உங்க போன கடிதத்தைப் படிக்கறதுக்கு ட்ரெவர்கிட்ட பூதக்கண்ணாடி கடன் வாங்கினேன். கப்பல்ல காகிதப் பஞ்சமா? கொஞ்சம் பெரிசா எழுதுங்க, புண்ணியமாப் போகும்.


எல்மர் ட்ராஸ்க் கப்பல், ஹூரான் ஏரி
செப்டம்பர் 30

அன்பு மகள் ஐலாவுக்கு,

கடிதம் நனையாம வந்தது. ரொட்டிப் பையில ரொட்டி இல்லாததுதான் குறை.

இதுல யோசிக்க என்ன இருக்கு? சிலிக்குப் போ. இருபத்தாறு வருஷமா இந்த அஞ்சு ஏரியையே சுத்திச் சுத்தி வரேன். உப்புத் தண்ணியைக் கண்ணால பாத்ததில்ல உன் அப்பன். நீயாவது போய் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு எழுது. பிக்ஸ்பி சூப்பைப் பத்திப் பேச வேண்டாம்னு சொல்லு. அது என் வேலை.

பத்து வாரம் பத்து வாரம்னு அடிச்சுக்காதே. அதுல ஏழு வாரம் நான் தூங்கறேன். மிச்சம் மூணு வாரம் நீ என் குறட்டையைக் குறை சொல்றே.

இங்க ஞாயித்துக்கிழமை ஒரு கலவரம். நம்ம ஏலக்காய் இனிப்பு ரொட்டி, பூலா சுட்டேன். மாவைப் பிசையும்போது ஏலக்காய் வாசனையே வரல. பழைய சரக்கு போலன்னு இன்னொரு கை போட்டேன். அப்பவும் வரல, மறுபடி ஒரு கை. நம்ம சீஃப் இன்ஜினியர் கஸ் ஒரு கடி கடிச்சுட்டு, "வெர்ன், இது ரொட்டியா கஷாயமா?"ன்னான். கப்பல்ல அத்தனை பேரும் தண்ணியைத் தேடி ஓடினாங்க. இருபத்தாறு வருஷமா என் பூலாவை எவனும் மிச்சம் வெச்சதில்ல. அன்னிக்கு ரெண்டு தட்டு கடல்காக்காய்க்குப் போச்சு. எனக்கு அவமானமாப் போச்சு, போ.

எழுத்து சின்னதுங்கறே. மிச்சம் பிடிக்கறேன்டி, கிழவனாகறேன்ல. உன் கண்ணைப் போய் டாக்டர்கிட்ட காட்டு.

அன்புடன்,
அப்பா


டுலூத்,
அக்டோபர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

"போ"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க. இங்க நான் ஒரு நாளைக்கு நாலு தடவை மாறறேன். பல் தேய்க்கும்போது சிலி. பஸ்ல ஏறும்போது லேப். மதியம் சாப்பாட்டுத் தட்டோட உக்காந்தா ரெண்டும் வேண்டாம், பேசாம கப்பல்ல பாத்திரம் கழுவப் போயிடலாமான்னு வருது. ரெண்டு பேருக்குமே 29ஆம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்.

செவ்வாய்க்கிழமை மாலர் லேப்புக்கு வேலை பழகப் போனேன். சிரிக்காதீங்க. அங்க எனக்குக் குடுத்த முதல் வேலை சமையல்! பழ ஈக்கு. மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு, ஈஸ்ட் எல்லாம் போட்டுக் காய்ச்சிக் குப்பி குப்பியா ஊத்தணும். நான் கட்டி தட்டாம கிண்டினதைப் பாத்து மாலருக்கு ஆச்சரியம். "யார்கிட்ட கத்துக்கிட்டே?"ன்னாங்க. "இருபத்திரண்டு பெரிய ஈக்கு மூணு வேளை சமைச்சுப் போடறவர்கிட்ட"ன்னேன்.

இது பார்க்கின்சன் நோயை ஆராயற லேப் அப்பா. அந்த நோய் வர்ற மாதிரி சில ஈக்களை வளக்கறாங்க. குப்பியை மேஜைல ஒரு தட்டு தட்டினா எல்லா ஈயும் அடியில விழும். நல்ல ஈ பத்து செகண்டுல சுவத்துல ஏறிடும். நோய் இருக்கறது ஏறப் பாக்கும், வழுக்கும், நின்னுடும். எத்தனை ஏறிச்சு, எத்தனை ஏறலன்னு எண்ணி எழுதணும். முதல் நாளே நாப்பது குப்பி எண்ணினேன். கண்ணு எரிஞ்சுது, ஆனா எழுந்து வரவே மனசில்ல. ஒரு குப்பியில ஒண்ணே ஒண்ணு பதினொரு தடவை ஏறி ஏறி விழுந்தது. பத்து செகண்டு தாண்டியும் விடல. கணக்குல அது "ஏறாதது"தான். அப்படியே எழுதிட்டு வந்தேன், ஆனா எனக்கு என்னவோ போலிருந்தது.

லேப் பக்கம்தான் சாயறேன். சாயங்காலம் குப்பி கழுவி வெச்சுட்டு வீட்டுக்கு வந்தா நீங்க அடுப்படியில நிப்பீங்க. அது போதும். போன்ல பேசினா உங்க குரலே கேக்க மாட்டேங்குது. "சத்தமாப் பேசுங்க"ன்னா இன்ஜின் மேல பழி போடறீங்க. நேர்ல பாத்தாத்தான் எனக்கு நிம்மதி.

சானா நீராவிக் குளியலுக்கு இந்தத் தடவை விறகு நான் வெட்டறேன். சரியா?

அன்பு மகள்,
ஐலா


எல்மர் ட்ராஸ்க் கப்பல், ஈரி ஏரி
அக்டோபர் 17

ஐலா,

அவசரமா எழுதறேன். இந்தக் குளிர்காலம் நான் வீட்டுக்கு வரல. டொலீடோ துறையில கப்பலைக் கட்டிப் போடும்போது உள்ளே இருந்து காவல் பாக்க ஒரு ஆள் வேணும்னாங்க. நான் பாக்கறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு மாசமும் கப்பல்லதான். ஒரு ஹீட்டர், ஒரு ரேடியோ. எனக்கு அமைதியா இருக்கும்.

ஆக, என்னை நெனச்சு நீ அந்த லேப்புக்குப் போக வேண்டிய அவசியமில்ல. அந்த வேலை உனக்கு வேண்டாம். மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்கப் போற பொண்ணு ஈ ஏறுதா விழுதான்னு உக்காந்து எண்ணி என்ன ஆகப் போகுது?

சிலிக்குப் போ. 29ஆம் தேதியைத் தவற விடாதே.

அப்பா


டுலூத்,
அக்டோபர் 24

அப்பாவுக்கு,

கையெழுத்துப் போட்டுட்டு எனக்குத் தகவல் சொல்றீங்க. ரொம்ப நன்றி.

பத்து வாரத்துக்காக நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். உங்களுக்கு ஒரு ஹீட்டரும் ரேடியோவும் போதும்னு தெரியாமப் போச்சு. யாருமில்லாத கப்பல்ல தனியா உக்காந்திருக்கறது, பெத்த பொண்ணு கூட இருக்கறதைவிட அமைதியா? அம்மா போனப்போ, "நாம ரெண்டு பேர் இருக்கோம்ல"ன்னு சொன்னது நீங்கதான். நான் சொல்லல.

சரி. சிலிக்கு வரேன்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். மாலர்கிட்டயும் சொல்லிட்டேன். ஆள் பத்தாததால டிசம்பர் வரைக்கும் சும்மா வந்து குப்பி எண்ணிக் குடுன்னாங்க. சரின்னேன். ஈயாவது நான் தட்டினா திரும்பிப் பாக்குது.

ஐலா


எல்மர் ட்ராஸ்க் கப்பல், ஹூரான் ஏரி
நவம்பர் 6

அன்பு மகள் ஐலாவுக்கு,

திட்டு. நல்லாத் திட்டு. ஆனா சிலிக்குச் சரின்னு சொன்னியே, அதுக்கு உன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும். படிச்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்னா, அன்னிக்கு ஆப்பிள் பை ரெண்டு தட்டு அதிகமாப் பண்ணினேன்.

நவம்பர் காத்து அதோட வேலையைக் காட்டுது. அலை பன்னெண்டு அடி. சூப் பாதி தரையில. கஸ் இப்பல்லாம் இன்ஜின் அறையை விட்டுட்டு என் அடுப்படியிலேயே குடியிருக்கான். சூப்பை அவனேதான் ஊத்தறான், "பெரிய துண்டெல்லாம் எனக்கு"ங்கறான். வெக்கங்கெட்டவன்.

அங்கே மலைமேல ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தியே, நல்ல செருப்பு வாங்கிக்கோ. லேப்புக்கு இன்னும் ஏன் போறே? சரின்னுட்டியே, விட்டுடேன்.

கப்பல் ஆடறதால எழுத்து கோணலா இருக்கும். நிறைய எழுத முடியல.

அன்புடன்,
அப்பா


டுலூத்,
நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை உக்காந்து படிங்க. பக்கத்துல கஸ் இருந்தா பரவாயில்ல, இருக்கட்டும்.

வியாழக்கிழமை மாலர் எங்களுக்குப் பார்க்கின்சன் நோயாளிகளைப் பத்திச் சொல்லிக் குடுத்தாங்க. "கை நடுக்கம்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாலேயே பல அறிகுறி வரும்"னாங்க. வாசனை போயிடும். குரல் தணிஞ்சுடும். அப்புறம் ஒரு ஆளோட கடிதங்களைப் படம் பிடிச்சுக் காட்டினாங்க. வருஷா வருஷம் எழுத்து சின்னதாயிக்கிட்டே போகுது. அந்த ஆளுக்கே அது தெரியாதாம்.

வகுப்புல எல்லாரும் குறிப்பு எழுதினாங்க. நான் எழுதல.

அறைக்கு வந்து ஷூ டப்பாவைத் திறந்தேன். நான் காலேஜ் சேந்ததுலேர்ந்து நீங்க எழுதின அத்தனை கடிதமும் அதுல இருக்கு. தேதி வாரியாத் தரையில பரப்பினேன். 2002 செப்டம்பர்ல ஒரு பக்கத்துக்குப் பதினாலு வரி. போன குளிர்காலத்துக்கு முன்னால பத்தொன்பது. இந்த நவம்பர்ல முப்பத்தி மூணு. ஸ்கேல் வெச்சு அளந்தேன் அப்பா. "ஐலா"ன்னு எழுதறீங்களே, என் பேரு, அது பாதிக்குக் கீழே போயிடுச்சு.

ஏலக்காய் பழைய சரக்கு இல்ல. இன்ஜின் சத்தமும் காரணம் இல்ல. கஸ் பெரிய துண்டுக்காகச் சூப் ஊத்தல.

நான் டாக்டர் இல்ல. இது தப்பாவும் இருக்கலாம். தப்பா இருந்தா எவ்வளவு வேணும்னாலும் சிரிங்க, நானே வந்து தலையைக் குனிஞ்சு நிக்கறேன். ஆனா உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க. டொலீடோவுக்குப் போறது இதுக்காகத்தானா?

சிலியை ரத்து பண்ணப் போறேன். டிசம்பர் 15 வரைக்கும் டைம் இருக்கு. லேப்பில இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. உங்களுக்கு இருக்கற நோயை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ண ஒரு இடம் கிடைக்கும்போது, அதை விட்டுட்டு எங்கயோ போய் ஸ்பானிஷ் பேசிக்கிட்டு நிப்பேனா?

உள்ளே கோடு போட்ட தாள் நாலு வெச்சிருக்கேன். மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட்டு எழுதினா எழுத்து சுருங்காதாம். அதுல பதில் எழுதுங்க.

உங்கள்
ஐலா


டுலூத்,
டிசம்பர் 3

அப்பா,

பதில் இல்ல. உங்க கப்பல் இதுக்குள்ள டெட்ராய்ட்டை நாலு தடவையாவது தாண்டியிருக்கும். வாளி காலியாவா வந்தது? போன் பண்ணினா எடுக்கல.

ரத்துக் கடிதம் எழுதி மேஜைமேல வெச்சிருக்கேன். உறைக்குள்ள போடறேன், வெளியில எடுக்கறேன். நேத்து ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க நாய் என்னைப் பாத்துக் குரைக்கறதையே நிறுத்திடுச்சு.

ஒரு வரி எழுதுங்க. திட்டியாவது எழுதுங்க.

ஐலா


எல்மர் ட்ராஸ்க் கப்பல்,
டிசம்பர் 9

அன்பு மகள் ஐலாவுக்கு,

உன் கோட்டுத் தாள்லதான் எழுதறேன். ரெண்டாம் கிளாஸ் பையன் எழுதின மாதிரி இருக்கு. மூணு நாளா எழுதறேன்.

ஆமா. தெரியும்.

ஜூலையில அல்பீனாவுல கப்பல் ரெண்டு நாள் நின்னுது. கரண்டி கையில ஆடுதேன்னு அங்க ஒரு டாக்டர்கிட்ட போனேன். விரலை மடக்கு, நீட்டு, நடந்து காட்டுன்னார். அப்புறம் அந்தப் பேரைச் சொன்னார். பெரிய டாக்டரைப் போய்ப் பாக்கணும்னார். பாக்கல. ஆகஸ்ட்ல டுலூத்துக்கு வர்ற கப்பல் ஒண்ணுல சமையல் வேலை காலியாச்சு. என்னைத்தான் முதல்ல கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். நீ பாத்துடுவேன்னு பயம்.

உன் அக்டோபர் கடிதத்தை அடுப்படியில நின்னு படிச்சேன். ஈக்குச் சமைக்கறேன்னு எழுதினியே, அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். கஸ்ஸைக் கூப்பிட்டுச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அடுத்த பாராவுல அந்தப் பேரு இருந்தது. கஸ் என் மூஞ்சியைப் பாத்தான். அவனுக்கு முன்னாலயே தெரியுமாம், படுபாவி. நான் கொட்டினதைப் பாத்துட்டுத்தான் ஆகஸ்ட்லேர்ந்து சூப் கரண்டியைப் பிடுங்கி வெச்சிருக்கான். உலகத்துல எத்தனை லேப் இருக்கு ஐலா, உனக்கு அதுதானா கிடைக்கணும்? அன்னிக்கே ஆபீசுக்குப் போன் பண்ணி டொலீடோ வேலையை வாங்கினேன்.

நீ நல்லது நெனச்சுத்தான் சொல்றே. அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா குப்பியைத் தட்டிட்டு எண்ணற கண்ணோட நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைப் பாக்கறது எனக்கு வேண்டாம். நான் காபி ஊத்தும்போது நீ கோப்பையைப் பாக்க மாட்டே, என் கையைப் பாப்பே. அப்புறம் அந்த வீட்ல ஒரு நோயாளியும் ஒரு டாக்டரும்தான் இருப்பாங்க. அப்பனும் பொண்ணும் இருக்க மாட்டாங்க. 

பதினொரு தடவை ஏறி விழுந்த ஈயைப் பத்தி எழுதினே. அதை "ஏறாதது"ன்னு எழுதிட்டு வந்தேன்னியே. எனக்கு அது மறக்கவே மாட்டேங்குது.

கோவத்துல சொல்லல, முடிவா சொல்றேன். நீ சிலியை ரத்து பண்ணினா நான் டொலீடோவை விட்டு வர மாட்டேன். ரத்து பண்ணலன்னா கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருப்பேன். காவலுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லி அவங்ககிட்ட கேட்டுட்டேன். பெரிய டாக்டர்கிட்டயும் வரேன், உன் கூடவே. நீ கிளம்பற வரைக்கும் அஞ்சு வாரம் இருக்கு. பத்துல பாதி.

தாள் தீந்துபோச்சு. இன்னும் அனுப்பு.

உன் அப்பா,
வெர்ன் கோஸ்கெலா
(கோட்டைத் தொட்டு எழுதியிருக்கேன், பாத்துக்கோ)


டுலூத்,
டிசம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் நேத்து வந்தது. படிச்சுட்டு நல்லா அழுதேன். அப்புறம் பசிச்சுது. நாலு முட்டை சாப்பிட்டேன்.

நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க தனியா இருப்பீங்க, குளிர்காலம் போயிடும்னு நான் அடுக்கினதெல்லாம் நிஜம்தான். ஆனா அதுக்கு அடியில, தெரியாத ஊர்ல தெரியாத பாஷையில ஒருத்தர் வலிக்குதுன்னு சொல்லி எனக்குப் புரியாமப் போயிடுமோன்னு பயம் இருந்தது. போகாம இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. நீங்கதான் கையில இருந்த நல்ல காரணம். அது தெரிஞ்சப்போ எனக்கே வெக்கமா இருந்தது.

காலையில மாலர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். லேப் இடத்தை எனக்கே குடுங்கன்னு கேக்கத்தான் போனேன். அவங்க, "உங்க அப்பாவுக்காக இங்க வராதே. இங்க வேலை மெதுவா நடக்கும். பத்து வருஷம் எண்ணினாலும் அவரைக் குணப்படுத்த முடியாமப் போகலாம். அப்போ உனக்கு இந்த ஈக்கள் மேலயும் கோவம் வரும், என் மேலயும் கோவம் வரும். ஈக்களுக்காக வரணும்னு தோணினா வா, ஆகஸ்ட்ல"ன்னாங்க.

அந்தப் பதினொரு தடவை ஈயைப் பத்தியும் கேட்டேன். அதுக்குக் கணக்குல இடமே இல்லையேன்னேன். எத்தனை தடவை ஏறப் பாத்துதுன்னு தனியா எண்ணலாம், இதுவரைக்கும் இங்க யாரும் எண்ணினதில்லன்னாங்க. "நீ வந்து ஆரம்பி"ன்னாங்க.

ஆகஸ்ட்ல லேப்னா விண்ணப்பம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். கேட்டதும் ட்ரெவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டான். "ஒரு வருஷமா? உனக்கு என்ன பைத்தியமா?"ன்னான். ஆமான்னேன்.

ரத்துக் கடிதத்தைக் கிழிச்சுட்டேன். ஜனவரி 4ஆம் தேதி காலை பத்து மணிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: நான் அங்க இருக்கும்போது வாரத்துக்கு ஒரு கடிதம், கையால, கோட்டுத் தாள்ல. நான் அளக்க மாட்டேன். சத்தியம்.

விறகு வெட்டியாச்சு. சீக்கிரம் வாங்க.

உங்கள் அன்பு மகள்,
ஐலா


டுலூத்,
மார்ச் 27, 2005

அன்பு மகள் ஐலாவுக்கு,

இது எட்டாவது கடிதம். வாரம் தவறல, குறிச்சுக்கோ.

மாத்திரை ஒத்துக்குது. காலையில ஷர்ட் பட்டனை நானே போடறேன். வாசனை மட்டும் திரும்பல, திரும்பாதுன்னுட்டார் டாக்டர். போனாப் போகுது. கஸ் வந்து ரெண்டு நாள் தங்கினான். அவனை மூக்கா வெச்சுக்கிட்டுப் பூலா சுட்டேன். அவன் போதும்னதும் ஏலக்காயை நிறுத்தினேன். நல்லா வந்தது. ஆனா அவன் பெரிய துண்டை எடுக்கறதை மட்டும் விடல.

கப்பல் கம்பெனியில சொல்லிட்டேன். இந்த வருஷம் எனக்குப் பதிலா வேற ஒருத்தன் ஏறறான். முந்தாநாள் முதல் கப்பல் பனியை உடைச்சுக்கிட்டு வெளியில போச்சு. பாலத்துக்கிட்ட நின்னு பாத்தேன். அது நீளமா ஒரு தடவை, குட்டையா ரெண்டு தடவை ஊதிச்சு. நான் தரையில நின்னு அதைக் கேட்டதே இல்ல. கஷ்டமாத்தான் இருந்தது, பொய் சொல்லல. வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டினேன்.

உப்புத் தண்ணி எப்படி இருக்குன்னு நீ இன்னும் எழுதவே இல்ல. ஏப்ரலே வரப் போகுது. நான் கேட்டது அது ஒண்ணுதான்.

அன்புடன்,
அப்பா


வால்பரைசோ,
ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு வாய் குடிச்சேன். கர்மம், அவ்வளவு உப்பு. கூட இருந்தவங்க எல்லாரும், இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தாங்க. எங்க அப்பா கேட்டார்னேன். ஸ்பானிஷ்லயேதான் சொன்னேன். ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரிச்சு, "அடுத்த தடவை அவரையே வரச் சொல்லு"ன்னாங்க. 

இந்த மலையில முன்னூத்திப் பதினேழு படி. நல்ல செருப்பு வாங்கச் சொன்னீங்க, வாங்கல, அனுபவிக்கறேன். ஆஸ்பத்திரியில முதல் மாசம் யார் பேசினதும் எனக்குப் புரியல. தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு, அறைக்குப் போய் அழுவேன். இப்ப முக்கால்வாசி புரியுது. மிச்சத்தைத் திருப்பிக் கேக்கறேன். அவங்களும் திருப்பிச் சொல்றாங்க. இவ்வளவுதானான்னு இருக்கு. வர்றவங்க கையெழுத்துப் போடும்போது மட்டும் உத்து உத்துப் பாக்கறேன். ஒரு தாத்தா, "என்ன, என் பேரைத் திருடப் போறியா?"ன்னு திட்டினார்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அளக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினேனே, அது பொய். உங்க ஏழு கடிதத்தையும் அளந்தேன். உறையைப் பிரிச்சதும் முதல் வேலை அதுதான். ஸ்கேலை மேஜைமேலயே வெச்சிருந்தேன். ஒவ்வொரு எழுத்தா அளந்து, நோட்டுல குறிச்சு, அதுக்கப்புறம்தான் என்ன எழுதியிருக்கீங்கன்னே படிப்பேன். காபி கோப்பையைப் பாக்க மாட்டே, என் கையைப் பாப்பேன்னீங்களே, அதையேதான் பண்ணிக்கிட்டிருந்தேன்.

எட்டாவது கடிதம் சனிக்கிழமை வந்தது. படியில உக்காந்து பிரிச்சேன். கஸ்ஸை மூக்கா வெச்சுக்கிட்டதைப் படிச்சுச் சிரிச்சேன். கப்பல் ஊதினதைப் படிச்சு அழுதேன். உப்புத் தண்ணியைப் படிச்சதும் அப்படியே எழுந்து கடற்கரைக்கு நடந்துட்டேன், கடிதத்தைப் பையில போட்டுக்கிட்டு. மறுநாள் மத்தியானம்தான் ஸ்கேல் ஞாபகம் வந்தது.

எடுக்கல. கடைசி நாலு வரி கோட்டைத் தொடாம சின்னதாப் போயிருந்தது. அது அளக்காமலே தெரிஞ்சுது, நான் தெரியலன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல படிச்சேன் அப்பா.

உங்கள் அன்பு மகள்,
ஐலா